அதிருப்தியில் மூன்று பேர்

ஒரு காட்டில் தேர்தல் நடந்து, ஓட்டு எண்ணி முடித்து, யார் ஜெயித்தார்கள் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

மொத்தம் நூற்றியொரு இடம். சிங்கத்தின் கர்ஜனைக் கட்சிக்கு ஐம்பது. யானையின் பிளிறல் முன்னணிக்கும் ஐம்பது. ஆட்சி அமைக்க ஐம்பத்தொன்று வேண்டும். “மக்கள் என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்” என்று சிங்கம் பேட்டி கொடுத்தது. “மக்கள் சிங்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்” என்று யானை பேட்டி கொடுத்தது. இரண்டையும் கேட்ட மக்கள் இரண்டுக்கும் கைதட்டினார்கள். குரங்குகள் இரண்டு கட்சி அலுவலகத்தின் முன்னாலும் பட்டாசு வெடித்தன. கரடியின் டீக்கடையில் ஒரு முயல், சிங்கத்தின் ஆட்கள் கொடுத்த லட்டையும் யானையின் ஆட்கள் கொடுத்த லட்டையும் தின்றுவிட்டு, “இந்தக் காட்டுக்கு விடிவே கிடையாதுப்பா” என்று சலித்துக்கொண்டது.

மிச்சம் இருந்த அந்த ஒரே ஒரு இடத்தில் சுயேச்சையாக ஜெயித்தவன் அலகப்பன் என்கிற இருவாச்சிப் பறவை. பாவம், அவனுக்கு அரசியலே தெரியாது.

இருவாச்சிகள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். உள்ளே போனதும் இறகெல்லாம் உதிர்ந்துவிடும். குஞ்சு பறக்கத் தயாராகிற வரைக்கும் தாயும் பறக்க முடியாது, வெளியே வரவும் முடியாது. ஆண் பறவை வேளாவேளைக்குப் பழம் கொண்டுவந்து கீற்று வழியாக ஊட்டினால்தான் உள்ளே சாப்பாடு. அவன் வராவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும்.

அலகப்பனின் மனைவி மரகதவல்லி அப்படித்தான் ஒரு வேங்கை மரப் பொந்துக்குள் இருந்தாள். கூட ஒரு குஞ்சு. பழ மரங்களுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வன அலுவலகத்துக்குப் போன அலகப்பன் அங்கே இரண்டு வரிசைகளைப் பார்த்தான். வீட்டில் பசியோடு காத்திருப்பாளே என்று குட்டையான வரிசையில் நின்றான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். பறந்து வந்துவிட்டான். அது சுயேச்சை வேட்பாளர்களின் வரிசை என்று சுவரொட்டியில் தன் படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அவன் ஒரு கூட்டம் கூடப் பேசவில்லை. ஆனால் தினம் நாற்பது தடவை தொகுதிக்கு மேலே பழத்தோடு பறந்தான். அவசரத்தில் அலகிலிருந்து நாலைந்து கீழே விழும். கீழே இருந்த வாக்காளர்கள், “மத்தவனெல்லாம் ஜெயிச்சா தரேங்கறான். இவன் முன்னாடியே தரான்யா!” என்று பொறுக்கித் தின்றார்கள். மூவாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்துவிட்டார்கள்.

முடிவு வந்த அரைமணி நேரத்தில் சிங்கத்தின் கட்சியிலிருந்து நரி வந்து மரத்தடியில் நின்றது.

“அண்ணே, ஒரே ஒரு மணி நேரம். தலைவர் உங்களைப் பார்க்கணும்னு ஆசைப்படுறார். சால்வை போட்டு அனுப்பிச்சிருவோம்.”

“குஞ்சுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கணுமே.”

“அதுக்குள்ள திரும்பிடலாம்ணே.”

சால்வை போட்டார்கள். அனுப்பவில்லை. ஆற்றின் நடுத்திட்டில் இருந்த ஒரு சொகுசு விடுதிக்குள் கொண்டுபோய் விட்டார்கள். சிங்கத்தின் ஐம்பது பேரும் அங்கேதான் இருந்தார்கள். போனையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, பறவை உறுப்பினர்கள் நழுவிவிடக் கூடாது என்று மேலே வலையும் கட்டியிருந்தார்கள். ஆட்சி அமையும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது என்று கொறடா உத்தரவு. ஒரே அறையில் தங்கியிருந்த மானைப் பார்த்து ஒரு புலி எச்சிலை விழுங்கிக்கொண்டே, “சாப்பிட்டீங்களா சகோதரி?” என்று விசாரித்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் அத்திப்பழம் மலைபோலக் குவிந்து கிடந்தது. அலகப்பனுக்கு ஒன்று கூட இறங்கவில்லை. பொந்துக்குள் அவள் கீற்றில் அலகை வைத்துக்கொண்டு காத்திருப்பாளே! தொண்டை நிறையப் பழத்தை அடக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். காவலுக்கு நின்ற கழுதைப்புலி தடுத்தது.

“உள்ளதான் சார் சாப்பிடணும். பார்சல் கிடையாது.”

அலகப்பன் நரியைப் பிடித்துக் கத்தினான். “என் பெண்டாட்டிக்குப் பழம் கொண்டு போகணும்யா! புரியுதா? பழம்!”

நரி குறிப்பேட்டை எடுத்தது. “பழம். சரிண்ணே. பழ வளத்துறை. கேபினட்டா, இணை அமைச்சரா?”

“துறை வேண்டாம்யா! பழம்!”

“புரியுதுண்ணே. கேபினட்னே போட்டுக்கறேன்.”

அடுத்த அரைமணியில் கிளிகள் காடு முழுக்கச் செய்தி வாசித்தன. ‘பழ வளத்துறை கேட்டு அலகப்பன் பிடிவாதம்! சாப்பிட மறுப்பு!’ கரடியின் டீக்கடை இரண்டாகப் பிளந்தது. “கேக்கட்டும்யா, நம்ம தொகுதிக்காரன்” என்றது ஒரு பெஞ்சு. “ஒத்தை ஓட்டை வெச்சுக்கிட்டு என்ன ஆட்டம் ஆடறான் பாரு” என்றது எதிர் பெஞ்சு. ஒரே வளையில் பிறந்து வளர்ந்த எலி அண்ணன் தம்பி இரண்டு பேர் வளைக்கு நடுவில் கோடு கிழித்துத் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். ஸ்திரமான ஆட்சி வேண்டி ஆட்டு மந்தை ஒன்று மொட்டை போட்டுக்கொண்டது. இவ்வளவு நாளும் அலகப்பனை யாரென்றே தெரியாத ஒரு மைனா, அவன் தனக்குச் சித்தப்பா முறை என்று பேட்டி கொடுத்தது.

இரண்டு நாள் ஆயிற்று. அலகப்பன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். மூன்றாம் நாள் காலை ஜன்னல் பக்கம் வந்த கிளி, ‘அலகப்பன் மனைவியுடன் யானை திடீர் சந்திப்பு!’ என்று வாசித்தது.

நரிக்கு வேர்த்துவிட்டது. “சம்சாரம் அவங்க பக்கம் போயிட்டா இவனும் போயிடுவானே!” அவனை இழுத்துக்கொண்டு வேங்கை மரத்துக்கு ஓடியது.

மரத்தைச் சுற்றி முக்கால் மைல் வரிசை. பந்தல் போட்டிருந்தார்கள். யானைக் கட்சியின் காட்டுப்பன்றி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற எல்லோர் கையிலும் பழம்.

“டோக்கன் இல்லாம விட முடியாது சார்” என்றது பன்றி.

“நான் அவ புருஷன்யா.”

“எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. காலைல ஒரு கழுதைகூடச் சொல்லிச்சு.”

அலகப்பனுக்கு இருநூற்றுப் பன்னிரண்டாம் டோக்கன் கிடைத்தது. நரிக்கு அடுத்த டோக்கன். மூன்று மணி நேரம் நின்று கீற்றுக்குப் பக்கத்தில் போய் அலகை நீட்டினான்.

“எந்தக் கட்சி?” என்றது உள்ளிருந்து குரல்.

“வல்லி, நான்தான்.”

“ஐயோ, நீங்களா! எங்கங்க போயிட்டீங்க?”

“அடைச்சு வெச்சுட்டாங்க வல்லி. ரெண்டு நாளா பட்டினியா கிடந்தியா?”

“முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் கிடந்தேன். குஞ்சு கத்தினதைக் கேட்டு உங்களைத் திட்டாத திட்டு இல்ல. அப்புறம் இந்தப் பன்னி வந்தான். இப்போ இன்னிக்குக் காலைலேர்ந்து பதினேழு அத்திப்பழம். போதும்னு சொன்னாலும் திணிக்கிறான். குஞ்சுக்கு ஏப்பம் ஏப்பமா வருது.”

அலகப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குரலைத் தாழ்த்தி, “சிங்கத்துக்கு ஆதரவு கொடுக்கவா, யானைக்குக் கொடுக்கவா? சீக்கிரம் சொல்லு, கொடுத்துட்டு நிம்மதியா வீட்டுக்கு வந்துடறேன்” என்றான்.

“ஏங்க, ஆதரவு கொடுத்துட்டா நாளைக்கு யாராவது பழம் கொண்டு வருவாங்களா?”

அலகப்பன் திரும்பிப் பார்த்தான். பின்னால் நரி ஒரு பலாப்பழத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நின்றது. “மாட்டாங்க” என்றான்.

“குஞ்சு பறக்க இன்னும் நாற்பது நாள் இருக்கு. அதுவரைக்கும் வாயைத் திறந்தீங்க, நடக்கறதே வேற.”

அன்று முதல் அலகப்பன் யார் கேட்டாலும், “ஆதரவாளர்களுடன் ஆலோசித்து வருகிறேன்” என்றான். ஆதரவாளர்கள் என்றால் மரகதவல்லியும் ஒரு குஞ்சும். காலையில் சிங்கத்தின் கூடை வரும், மாலையில் யானையின் கூடை வரும். மறுநாளே விடுதியிலிருந்தும் வெளியே விட்டுவிட்டார்கள். அடைத்து வைத்தால் கோபித்துக்கொள்வானே என்று பயம். அலகப்பனுக்குத் தொந்தி விழுந்தது. மக்கள் தினமும் டீக்கடைக்கு வந்து, இன்றைக்கு முடிவு தெரிந்துவிடும் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள்.

முப்பத்திரண்டாம் நாள் முடிவு தெரிந்தது. சிங்கமும் யானையும் பழம் சுமந்து சலித்துப்போய், ‘காட்டின் நலன் கருதி’ ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. ஒரு நாள் சிங்கம் முதல்வர், மறுநாள் யானை. நூறு பேர் ஆளுங்கட்சி. யாருக்காக யாரோடு சண்டை போட்டோம் என்று தெரியாமல் மக்கள் விழித்தார்கள். எலிச் சகோதரர்கள் நடுக்கோட்டை அழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு, மழையில் தானாக அழியட்டும் என்று விட்டுவிட்டார்கள். மொட்டை போட்ட ஆடுகள் மட்டும் குளிரில் நடுங்கின.

அன்று மாலை கூடை வரவில்லை. பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். வழியில் பார்த்த நரி, “நீங்க யாரு?” என்று கேட்டது.

அலகப்பன் பழைய மரங்களைத் தேடிப் பறந்தான். இரண்டு கட்சிக்காரர்களும் கூடைகளை நிரப்பக் காயைக்கூட விடாமல் பறித்திருந்தார்கள். தொந்தியைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க அலைந்து ஒரே ஒரு சூம்பிய ஆலம்பழத்தோடு திரும்பினான். மரகதவல்லி அதைக் குஞ்சுக்குக் கொடுத்துவிட்டு, “எனக்குப் பசியில்லைங்க” என்றாள். இன்னும் ஏழு நாள் இருந்தது. அலகப்பனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. ஆலோசித்த நேரத்தில் நாலு பழத்தைச் சேர்த்து வைத்திருக்கலாமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

மறுநாள் தலை சுற்றித் தண்ணீர் கேட்டு டீக்கடையில் இறங்கினான்.

“என்ன தம்பி, நூறு பேருக்கு எதிரா நீங்க ஒருத்தர்தான் எதிர்க்கட்சித் தலைவராம். முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு?” என்றது கரடி.

கடை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. அலகப்பன் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. ஆனால் குஞ்சு கத்தியது அவன் காதிலேயே இருந்தது.

“ஒண்ணுமில்லண்ணே. ஆளுங்கட்சியில மூணு பேர் அதிருப்தியில இருக்காங்க. என்கிட்ட பேசிட்டிருக்காங்க” என்றான்.

கிளிகள் டீயைக் குடிக்காமல் பறந்தன.

மூன்று பேர் போனாலும் தொண்ணூற்றேழு பேர் இருக்கிறார்களே என்று சபாநாயகர் ஆமை சொல்லிப் பார்த்தது. கணக்கு யாருக்கு வேண்டும்? அந்த மூன்று பேர் யாருடைய ஆள் என்பதுதான் கேள்வி. தன் ஆள் மூன்று பேர் போனால் யானை ஐம்பது, தான் நாற்பத்தேழு. தினமும் யானையே முதல்வராக உட்கார்ந்துவிடும் என்று சிங்கம் பதறியது. யானைக்கும் அதே பதற்றம். பெயர் தெரிந்தவன் அலகப்பன் ஒருவன்தான். மறுநாள் விடியும்போதே இரண்டு கூடைகளும் பொந்துக்கு முன்னால் இருந்தன. பக்கத்துக் காட்டுக்குப் போய்ப் பறித்து வந்த பழம். சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று ஆளுங்கட்சியின் நூறு வீட்டுக்கும் தலைக்கு ஒரு கூடை போயிற்று. “அந்த மூணு பேர் யாருண்ணே?” என்று நரி வந்து கால் பிடித்துவிட்டுக் கேட்டது. “பெயரை மட்டும் சொல்ல மாட்டேன்” என்றான் அலகப்பன். இருந்தால்தானே சொல்வதற்கு!

நாற்பதாம் நாள் காலை மரகதவல்லி வாசலை உடைத்துக்கொண்டு புது இறகோடு வெளியே வந்தாள். பின்னாலேயே குஞ்சு வந்தது. கிளையில் தள்ளாடி, விழப் பார்த்து, பறந்துவிட்டது. அலகப்பன் வெட்கமில்லாமல் அழுதான்.

“அந்த மூணு பேர் யாருங்க?” என்றாள் மரகதவல்லி.

“யாருமில்ல வல்லி. இன்னிக்கே போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுடறேன். மனசு உறுத்துது.”

சட்டசபை வாசலில் இறங்கியதும் முதலில் அந்த மான் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “அண்ணே, அந்த மூணு பேர்ல நானும் ஒருத்தின்னு வெளியில சொல்லிடலியே?” என்றது. அடுத்து அதே புலி. அப்புறம் இரண்டு கழுதைப்புலி. மத்தியானத்துக்குள் அந்த மூன்று பேரில் ஒருவர் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனவர்கள் ஐம்பத்தொரு பேர். கடைசியாக வந்தது நரி. மன்னிப்புக் கேட்க அலகப்பனுக்கு நேரமே கிடைக்கவில்லை. சாயங்காலம் அத்தனை பேரும் எதிர்த்து ஓட்டுப் போட, ஆட்சி கவிழ்ந்தது.

குரங்குகள் பட்டாசு வெடித்தன. கரடி கூடுதலாக இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டது. மறுதேர்தல் என்று கிளிகள் அறிவித்ததும் மக்கள் மகிழ்ச்சியாகச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

“தேர்தல் எப்போன்னு சொன்னாங்க?” என்று கேட்டாள் மரகதவல்லி.

“அடுத்த மாசியில.”

“அப்படின்னா தையிலேயே நல்ல பொந்தாப் பார்த்துடுங்க” என்றாள்.

நீதி: நிலையான ஆட்சி காட்டுக்கு நல்லது. பொந்தில் குஞ்சு வைத்திருப்பவர்கள் மட்டும் அதைக் கிட்டே சேர்க்கக் கூடாது.