வைரக்கண்ணுவின் அரசாங்க முழங்கால்

கல்லணைக்குப் பிறகு காவிரிக் கரையில் நடந்த மாபெரும் கட்டுமானம் எதுவென்று கேட்டால், குத்தாலம் பக்கத்தில் ஒருவரும் தயங்க மாட்டார்கள். வைரக்கண்ணுவின் வலது முழங்கால்தான்.

நாற்பது வருஷம் நடவு நட்டுத் தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு, அரசு காப்பீட்டில் புது மூட்டு வைத்தார்கள். அவள் கேட்டது ஒன்றுதான். கொடி பிடித்து, போலீஸ் அடி வாங்கிக் குத்தகைக்குப் பெற்ற மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், கோயில் நிலத்தில் தானே இறங்கி நட வேண்டும். குத்தகைதாரர் சொந்தமாகச் சாகுபடி செய்யாவிட்டால் நிலம் கைமாறிவிடும்.

வலித்தாலும் தினமும் முழங்காலை மடக்கிப் பழகவேண்டும், விட்டால் இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். ஆனால் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் தங்கையன் தொலைநோக்குள்ளவர். புது டிவியின் பிளாஸ்டிக் உறையை மூன்று வருஷமாகப் பிரிக்காதவர்.

"டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு. கவர்மெண்டு குடுத்த பொருளு, அக்கா. மடக்கி மடக்கித் தேச்சுப்புடாதீங்க."

வைரக்கண்ணுவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மடக்கினால் உயிர் போகிற வலி. ஆகவே ‘சாதனை விளக்கக் கூட்டம்’ ஒவ்வொன்றிலும் மேடையேறினாள். அவளுக்கு நாற்காலி, நீட்டிய காலுக்கு ஸ்டூல், முழங்காலுக்குத் தனிப் பொன்னாடை. ஆறு வாரத்தில் பதினோரு கூட்டம். பண்ணையார் வீட்டில் நிற்கக்கூட இடமில்லாதவளுக்கு நாற்காலி என்று தங்கையன் முழங்கியபோது அவளுக்கே கண் கலங்கியது.

குறுவை நடவு வந்தது. சேற்றில் புதைந்த காலை மடக்கி எடுத்தால்தான் பின்னால் அடிவைக்க முடியும். முழங்கால் அரசாணைபோல் வளையாமல் நின்றது. டாக்டர், மயக்க மருந்து கொடுத்து மடக்கிப் பார்க்கலாம், சீக்கிரம் வரவேண்டும் என்றார். காப்பீட்டு அலுவலகமோ, கோப்பில் ‘சிகிச்சை வெற்றி’ என்றிருப்பதால், வெற்றிக்கு வைத்தியம் பார்க்க விதியில் இடமில்லை என்று வருத்தம் தெரிவித்தது.

வைரக்கண்ணு தங்கையனிடம் போனாள்.

"பழைய காலு வலிச்சாலும் மடங்குச்சு தம்பி. அத வச்சு நட்டேன். இத மேடையில நீட்டத்தான் முடியுது."

தங்கையன் உருகிப்போனார். நிலம் தரிசாகக் கிடப்பதைத் தாங்கும் மனம் அவருக்கில்லை. அந்த வாரமே கோயில் அலுவலகத்துக்கு அலைந்து, ‘சொந்தச் சாகுபடி இல்லை’ என்று எழுதவைத்து, குத்தகையைத் தன் மைத்துனர் பேருக்கு மாற்றிக் காப்பாற்றினார்.

மைத்துனருக்குக் கும்பகோணத்தில் பாத்திரக்கடை. ஆள் வைத்து நடுகிறார். இன்றுவரை வயலில் இறங்கியதில்லை. அவருடைய முழங்கால் மடங்குமா என்று எந்த அலுவலகமும் கேட்கவில்லை.