ஆவி குடியிருந்த ஏழு ரேடியோக்கள்

எங்கள் கரின் கோகா ஊர்ச் சந்தையில் மூன்று ஞாயிற்றுக்கிழமையாக வெங்காயம் விற்கவில்லை, கருவாடு விற்கவில்லை, ஆடு விற்கவில்லை. ஜனம் முழுக்க வேப்பமரத்தடியில் நின்றது. அங்கே என்ன, ஏதாவது இலவசமா? இலவசமாகக் கொடுத்தால் நம் ஆட்கள் சந்தேகப்படுவார்கள். காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றினால்தான் அவர்களுக்கு மனது நிறையும்.

போகா இல்லோ வந்திருக்கிறார்! போகா என்றால் மந்திரவாதி. பேய் ஓட்டும் போகா உண்டு. ஓடிப்போன மனைவியைத் திருப்பிக் கொண்டுவரும் போகா உண்டு. இல்லோ காலத்துக்கேற்ற போகா. ரேடியோ பார்த்துக் கொடுக்கிறவர். ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு ரேடியோ மேலே எழுதி வைத்திருக்கிறதாம். எழுதியதை வாங்கினால் நல்ல செய்தியாக வரும். தப்பானதை வாங்கினால் வறட்சி, வெட்டுக்கிளி, விலையேற்றம், ஆட்சிக் கவிழ்ப்பு. அக்கம்பக்கத்து நாடுகளில் அடிக்கடி ஆட்சி கவிழ்கிறதே, அதெல்லாம் ராணுவத்தின் வேலை என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம்? இல்லை. எவனோ ஒருவன் தப்பான ரேடியோ வாங்கியிருக்கிறான்.

"சத்தியமாச் சொல்றேன் அண்ணே," என்று கூட்டத்தில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார் தையல்காரர் கடோ. "பெரியவர் பாத்துக் குடுத்த ரேடியோவை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாளே என் மாமியார் ஊருக்குக் கிளம்பிட்டாங்க!"

"ரேடியோ நல்லாப் பேசுச்சா?"

"எங்க பேசுச்சு? கரகரன்னு ஒரே இரைச்சல். அது தாங்காமத்தானே கிளம்பினாங்க!"

கேட்டவர்கள் சிரிக்கவில்லை. பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

இந்தக் கூட்டத்துக்குள்தான் பூபா தன் மனைவி கும்போவோடு நுழைந்தான். பூபா மாடு மேய்க்கிறவன், கும்போ பால்காரி. அவள் தலையில் பெரிய சுரைக்குடுவை நிறைய ஃபூரா, அதாவது கம்பு உருண்டை கரைத்த தயிர். அவன் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் செவலைக் கன்று ஓலே, நடக்க மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டு வந்தது. அங்கிருந்தவர்களில் அதற்கு மட்டும் புத்தி இருந்தது என்று கும்போ நினைத்தாள்.

வீட்டிலிருந்த பழைய ரேடியோவைப் போன மாதம் காளை மிதித்துவிட்டது. பகலெல்லாம் மாட்டோடு தனியாக அலைகிறவனுக்குக் கழுத்தில் ஒரு ரேடியோ தொங்கினால் பேச்சுத் துணை. மத்தியானம் மோர் கடைகிற கும்போவுக்கு நாடகம். அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகப் போன வாரம் வந்த பூபாவை உட்கார வைத்து, போகா கண்ணை மூடினார், நடுங்கினார், கண்ணைத் திறந்து ஏழு ரேடியோவில் ஏழாவதைக் காட்டினார். ஐந்து விளக்கு, ஊதுகிற ஒரு சங்கு, ஒரு கடிகாரம், உடம்பெல்லாம் தங்க வண்ணம். "இதுல இருக்கிற ஆவி காகிதப் பணத்தைத் தொடாது. மறு இல்லாத கிடாரிக் கன்னு கேக்குது," என்றார்.

பூபா வீட்டில் மறு இல்லாத கிடாரிக் கன்று இருப்பது ஆவிக்கு எப்படித் தெரிந்தது? அவனே உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் உளறியிருந்தான்.

அந்தக் கன்று அவனுடையதும் அல்ல. கும்போவின் தாய்வீட்டுச் சீதனப் பசு மூன்று முறை ஈன்றதில் முதல் இரண்டும் காளை. ஓலே மட்டும்தான் பெண். தாய்ப்பசுவுக்கோ வயதாகிப் பால் வற்றிக்கொண்டிருக்கிறது. ஓலேயும் போய்விட்டால் நாளைக்குக் கும்போ குடுவையில் எதைச் சுமந்து சந்தைக்கு வருவாள்? கிணற்றுத் தண்ணீரையா?

வீட்டில் கேட்டுப் பார்த்தாள். "ஏங்க, அந்த ரேடியோ எத்தனை படி கறக்குமாம்?"

"மெதுவாப் பேசுடி. ஆவிக்குக் கேட்டுடப் போகுது."

"ஒரு மைல் தள்ளி இருக்கிற ஆவிக்கு நான் பேசுறது கேக்குமா? அப்ப அதுக்கு எதுக்குங்க ரேடியோ?"

வீட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். நாலு பேர் முன்னால் புருஷனை மறுத்துப் பேசினால் மாடு மேய்க்கும் ஃபுலானி இனத்துப் பெண்ணுக்குப் பெயர் கெட்டுவிடும்; அவனுக்கும் தலைகுனிவு. ஆகவே கும்போ வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

போகா பாயில் உட்கார்ந்திருந்தார். முதுகு மரத்தோடு ஒட்டியிருந்தது. தொளதொளவென்று நீல அங்கி, விரல்கள் மட்டும் வெளியே. வலக்கை நடுவிரலில் ஒரு பெரிய செப்பு மோதிரம். பக்கத்தில் ரேடியோக் கடைக்காரர் லபரான், பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு. ரேடியோ அவருடையது, பக்தி ஊருடையது, லாபம் இரண்டு பேருடையது.

ஒரு கசாப்புக்காரருக்கு அப்போது ரேடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகா இடக்கையால் முதல் ரேடியோவின் ஏரியலைத் தொட்டார். கரகர. இரண்டாவது, கரகர. அப்படியே ஆறாவது வரை. ஏழாவதுக்கு வந்ததும் உடம்பு உதறியது, கண் மேலே செருகியது, வலக்கை எழுந்தது. மோதிரம் ஏரியலில் பட்டதுதான் தாமதம், கடல் கடந்த ஊரிலிருந்து எங்கள் ஹவுசா மொழியில் செய்தி வாசிக்கிறவர் பக்கத்து வீட்டு ஆள் மாதிரிப் பேசினார்! கூட்டம் "ஆ!" என்றது. லபரான் சட்டென்று ரேடியோவை அணைத்தார். "ஆவி தூங்கட்டும். வீட்டுக்குப் போய்த்தான் எழுப்பணும்."

வீட்டுக்குப் போய் எழுப்பினால் அதுவும் கரகர என்னும். வந்து முறையிட்டால் வீட்டில் தோஷம், தோல் தாயத்து வாங்கிக் கட்டு. தாயத்துக்கும் பேசாவிட்டால் கறுப்புச் சேவல் கொண்டு வா. ஆவி ரேடியோவில் இருந்ததோ இல்லையோ, சேவல்கள் எங்கே போயின என்பது லபரானின் தொந்தியைப் பார்த்தாலே தெரிந்தது.

கசாப்புக்காரர் மகிழ்ந்துபோய் போகாவுக்கு, வெற்றிலை பாக்குப் போல மரியாதைக்குக் கொடுக்கிற கோலாக்கொட்டை நீட்டினார். போகா இடக்கையால் வாங்கினார். எங்கள் பக்கத்தில் வேறு எவனாவது இடக்கையை நீட்டினால் அன்றே உறவு முறியும்.

"வலக்கையை ஆவிக்கு எழுதிக் குடுத்தாச்சு," என்றார் போகா. கூட்டத்துக்குப் புல்லரித்தது.

கும்போவுக்கு அரித்தது வேறு. அவள் வீட்டு முற்றத்தில் துணி காயப்போட ஒரு கம்பி உண்டு. பழைய ரேடியோவின் ஏரியல் அந்தக் கம்பியில் பட்டால் நாடகத்தில் அழுகிறவளின் விம்மல்கூடத் தெளிவாக விழும். கம்பியை விட்டுத் தள்ளி வைத்தால் அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியாது. மூன்று வருஷம் நாடகம் கேட்டவளுக்கு இது மந்திரம் இல்லை, பழக்கம். அவள் கண் மோதிரத்திலிருந்து அங்கிக்குப் போனது, அங்கியிலிருந்து மரத்துக்குப் போனது, மரத்திலேறி உச்சிக் கிளைக்குப் போனது. அங்கே இலைக்கு நடுவில் ஏதோ நீளமாக மினுக்கியது. காக்காய் செப்பில் கூடு கட்டுமா என்ன?

அவள் புருஷன் பக்கம் குனிந்தாள். "ஏங்க, பெரியவர் காலையிலேருந்து எழுந்திரிக்கவே இல்லை. பாவம், வெறும் வயிறு. நம்ம ஃபூராவைக் குடுக்கட்டுமா?"

பூபாவுக்கு ஒரே சந்தோஷம். மனைவிக்கு நல்ல புத்தி வந்துவிட்டதே! "குடு, குடு. ஆவி மனசு குளிரட்டும்."

பூபாவின் முறை வந்தது. உதறல், செருகல், மோதிரம். தங்க ரேடியோ பேசியது. லபரானின் கை அணைப்பதற்கு நீண்டது.

"அண்ணே, அணைக்காதீங்க," என்றாள் கும்போ. "கன்னு குடுக்கிறவர் இன்னும் ரெண்டு வார்த்தை கேக்கட்டும். அதுக்குள்ள ஐயா பசியாறட்டும்." மண்டியிட்டு, விளிம்பு தட்டும் குடுவையைப் போகாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

போகாவின் இடக்கை வந்தது.

"ஒரு கை தாங்காதுங்க. ரெண்டு கையும் வேணும்."

நீட்டிய பாலை மறுப்பது ஃபுலானிகளுக்குச் செருப்படிக்குச் சமம். கூட்டத்தில் பாதிப்பேர் ஃபுலானிகள். அத்தனை பேர் கையிலும் மாட்டுக்கோல். போகா கோல்களை ஒருமுறை பார்த்தார். வலக்கையை ஏரியலிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் குடுவையை வாங்கிக்கொண்டார்.

கரகரகரகர.

"ஐயா," என்றாள் கும்போ, மரியாதை குறையாமல். "ஆவி எங்க போச்சுங்க?"

"அது... பால் வாசனை. ஆவிக்கு ஆகாது."

"கன்னுக்குட்டி கேட்டுச்சே ஐயா? கன்னுக்குட்டி மேல வேற என்ன வாசனை அடிக்குமாம்?"

எங்கோ ஒருவன் களுக்கென்றான். போகா குடுவையைக் கீழே வைக்கக் குனிந்தார்.

"ஐயோ, வாய் வைக்காத பாலைத் தரையில வைக்கக் கூடாதுங்க!"

"குடிங்க பெரியவரே!" என்று நாலு கோல்கள் தரையில் தட்டின. போகா குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார். குடுவை பெரிது.

அதற்குள் கும்போ வரிசையில் முதலாவதாக இருந்த சாம்பல் நிற ரேடியோவை எடுத்துவிட்டாள். சின்னது. மிகவும் மலிவு. சாவுச் செய்தியைத் தவிர வேறு சொல்லாது என்று போகா சபித்து ஒதுக்கியது. அதன் ஏரியலை அவருடைய மோதிரத்தில் வைத்தாள்.

டும் டும் டும் என்று கல்யாண மேளம் கிளம்பியது!

இரண்டாவதை வைத்தாள். பந்தாட்ட வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினார். மூன்றாவது சீன மொழிப் பாடம் நடத்தியது. நான்காவதில் ஒருவர் இருமினார், அந்த இருமல்கூடத் துல்லியமாக இருந்தது. போகாவின் வாய் நிறையத் தயிர். தடுக்க ஒரு வார்த்தை வரவில்லை.

"அடேயப்பா!" என்று தையல்காரர் கடோ கூவினார். "ஏழும் ஐயாவுக்கே எழுதி வச்சிருக்கு!"

"ஐயா, ஒரே ஒரு வேண்டுதல்," என்றாள் கும்போ. "அதோ, அந்தப் புளியமர நிழல் வரைக்கும் வாங்க. இருபது அடிதான். அங்க உக்காந்து ஒரு ரேடியோவை, எதையாவது ஒண்ணைப் பேச வைங்க. ஓலேயோட அதோட தாயையும் சேத்துத் தர்றேன்."

கூட்டம் வழி விட்டது. இருபது அடி. மந்திரத்தால் மாமியாரையே கிளப்பியவருக்கு இருபது அடி ஒரு தூரமா?

போகா எழுந்தார். ஆனால் புளியமரத்தின் பக்கம் அல்ல, பேருந்து நிற்கிற பக்கம் பாய்ந்தார். இரண்டு எட்டுத்தான் வைத்திருப்பார். மோதிரத்திலிருந்து அங்கிக் கைக்குள், அங்கிருந்து முதுகு வழியாக மரத்துக்குப் போன செப்புக் கம்பி விறைத்தது. வேப்பமரம் உச்சியிலிருந்து ஆடி இலை, பூ, சுள்ளி, ஒரு பழைய காக்காய்க் கூடு எல்லாவற்றையும் கூட்டத்தின் தலையில் கொட்டியது. மிச்சத் தயிர் போகாவின் தலையில் கொட்டியது. ஓலே கயிற்றில் நின்றது; போகா கம்பியில் நின்றார். ஓலே மெதுவாகப் போய் அவர் கன்னத்தை நக்கியது.

சிரிப்பு அடங்கவே வெகு நேரமாயிற்று. கோல் ஊன்றி நின்றவர்கள் கோலை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா! நானும் ஆவின்னுதான் நம்பினேன்!" என்றார் லபரான்.

"அப்ப கம்பி எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்டார் கசாப்புக்காரர்.

"கம்பி... என் கடைதான்."

"சரி, ஊர்ச் சேவலெல்லாம் எங்க போச்சு?"

"சேவலை ஆவி சாப்பிட்டுடுச்சு."

கசாப்புக்காரர் அவர் தொந்தியைச் செல்லமாக ஒரு குத்துக் குத்தினார். "ஆவி இங்கதான்யா இருக்கு!"

வாங்கிய காசையெல்லாம் லபரான் அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பூபா மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காது சிவந்திருந்தது. கும்போவுக்கு அவன்மேல் கோபம் இருந்தது, ஆனால் அதைவிடப் பாசம் அதிகம் இருந்தது. ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "பாலைக் குடுக்கச் சொன்னது எங்க வீட்டுக்காரர்தான். அவரைக் கேட்டுத்தான் குடுத்தேன்."

பொய்யும் இல்லையே. பூபாவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

நாடகம் வருகிற நேரம் வரை கும்போ காத்திருந்தாள். தான் கேட்கிற நேரத்தில் கேட்டுப் பார்க்காமல் ரேடியோ வாங்குவது, கறந்து பார்க்காமல் மாடு வாங்குகிற மாதிரி. சாம்பல் ரேடியோவையும் தங்க ரேடியோவையும் எடுத்துக்கொண்டு, மரமும் கம்பியும் இல்லாத வெட்டவெளிக்குப் போனாள். தங்கம் ஐந்து விளக்கையும் எரித்து, சங்கு ஊதி, கரகர என்றது. அதற்குப் போடுகிற பேட்டரி எங்கள் பக்கத்தில் எந்தக் கடையிலும் கிடையாது. சாம்பல் கொஞ்சம் முனகியது. திருகைச் சற்றுத் திருப்பியதும் பேசியது. உலுக்கினாலும் நிலையம் நழுவவில்லை. கழுத்தில் மாட்டப் பட்டை இருந்தது. இரண்டு சாதாரண பேட்டரி போதும்.

"இதுதான்," என்றாள். இரண்டு வாரப் பால் காசுக்கு முடிந்தது. "அந்தச் செப்புக் கம்பியையும் குடுத்துடுங்க அண்ணே. துணி காயப்போட ஆகும்."

திரும்பும்போது ஓலே முன்னால் ஓடியது, பூபாவின் கழுத்தில் ரேடியோ பாடியது. சந்தை வாசல் தாண்டவில்லை, பின்னாலிருந்து யாரோ மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். தையல்காரர் கடோ. கையில், காசுகூட வேண்டாமென்று திருப்பித் தராமல் வைத்துக்கொண்ட தன் ரேடியோ.

"அக்கா, அக்கா! அந்தப் போகா திருடன், தெரிஞ்சுபோச்சு. உங்க கைதான் ராசியான கை. உங்க குடுவையால என் ரேடியோவை ஒரு தொடு தொட்டுக் குடுங்கக்கா!"

கும்போ நின்றாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தொடுறேன் அண்ணே. அதுக்கு முன்னாடி உங்க தலையில ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க. உள்ள ஏதாவது பேசுதா, இல்ல அங்கயும் வெறும் கரகரதானா?"

கடோ அந்த இடத்திலேயே நின்று யோசிக்க ஆரம்பித்தார். பாதகமில்லை, மெதுவாகவே யோசிக்கட்டும். கரின் கோகாவில் அன்றைக்கு அந்த வேலையைத் தொடங்கிய இரண்டாவது ஆள் அவர்.