ஃப்யூரே காரும் என் முப்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பும்

கிளெர்மோன்-ஃபெரான்,
அக்டோபர் 14

"நாலு சக்கரம்" மாத இதழின் ஆசிரியர், பெருமதிப்பிற்குரிய மேடம் மாரிஸ் வெர்திலாக் அவர்களுக்கு,

உங்கள் இதழின் குடும்பக் கார் பக்கங்களை எழுதிவரும் கிஸ்லேன் துர்நோன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி ஜோஸ்லினும் நலம். முழங்கால் அறுவைக்குப் பிறகு நீங்கள் படியேறத் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டு மகிழ்ந்தோம். ஏறுங்கள், ஆனால் அவசரம் வேண்டாம்.

இம்மாத இதழ் நேற்று கிடைத்தது. "ஒர்லியாக் கார்களின் ஐம்பது ஆண்டுகள்" என்ற சிறப்புப் பகுதியை நின்றுகொண்டே படித்தேன், உட்கார முடியாத அளவுக்குக் கோபம். ஒர்லியாக்கின் குட்டி வேகக் காரான ஃப்யூரேவுக்குப் பதினோரு பக்கம், எழுதியவர் லோயிக் கெர்மாரெக். அதே நிறுவனத்தின் குடும்பக் காரான பெலிக்கானுக்கு ஒன்றரைப் பக்கம், எழுதியவன் நான். மீதி அரைப் பக்கத்தில் மெத்தை விளம்பரம். அட்டையில் லோயிக், சிவப்பு ஃப்யூரேமேல் சாய்ந்துகொண்டு, காற்றில் தலைமுடி பறக்க. நாற்பத்தோராம் பக்கத்தில் நான், அதாவது என் இரண்டு கால்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் இந்த இதழில் சேர்ந்தது 1989-ல். உங்களுக்கு முன்பிருந்த ஆசிரியரிடம் முதல் நாளே, "எனக்கு ஃப்யூரே வேணும்" என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார். ஆயிற்று என்றேன். "குழந்தை?" அடுத்த மாதம் என்றேன். "அப்ப பெலிக்கானை எடுத்துக்கோ" என்று முடித்துவிட்டார். ஃப்யூரேவை அவரே ஓட்டிக்கொண்டார். முதல் தலைமுறைப் பெலிக்கானின் பின்சீட்டில் என் மகள் வாந்தியெடுத்தாள், "சீட்டுத் துணியைத் துவைப்பது எளிது" என்று எழுதினேன். இரண்டாம் தலைமுறையில் ஏழு சீட்டுகள், ஏழிலும் மனிதர்களை ஏற்றி ரோதெஸ் வரை போய்வந்தேன், திரும்பியபோது அவர்களில் மூன்று பேர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் தலைமுறையின் டிக்கியில் எத்தனை தண்ணீர் பாட்டில் கட்டுகள் அடங்கும் என்று எண்ணி அடுக்கியபோது பிடித்த முதுகு இன்னும் விடவில்லை. அந்த ஆசிரியர் 2009-ல் ஓய்வு பெற்றார், இனி நம் முறைதான் என்று தோல் கையுறைகூட வாங்கி வைத்தேன். நீங்கள் வந்தீர்கள், வந்த இரண்டாம் வாரமே பிரெத்தாஞ் பகுதியிலிருந்து இருபத்து நாலு வயது லோயிக்கைக் கூட்டி வந்து ஃப்யூரே சாவியை அவர் கையில் கொடுத்தீர்கள். கையுறையைப் போட்டுக்கொண்டு ரோஜாச் செடி வெட்டுகிறேன்.

அவர் நன்றாக எழுதவில்லை என்று நான் சொல்லவில்லை, அதுதான் வயிற்றெரிச்சலே. "அந்த வளைவில் வண்டி என் காதில் ஏதோ சொன்னது" என்று எழுதுகிறார். என் வண்டியில் என் காதில் சொல்வது ஜோஸ்லின் ஒருத்திதான், அவள் சொல்வதும் "ஏங்க, மெதுவா" என்பது மட்டும்தான். அவள் ஒவ்வொரு மாதமும் இதழைப் பிரித்ததும் முதலில் லோயிக்கின் பக்கத்துக்குத்தான் போகிறாள். நேற்றும் அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்தபடியே, "எவ்வளவு அழகா எழுதியிருக்காரு பாருங்க!" என்றாள்.

"அறுபத்திரண்டாம் பக்கத்துல நானும் எழுதியிருக்கேன்."

"பார்த்தேங்க. ரப்பர் பாய் நல்லா உழைக்குதுன்னு போட்டிருக்கீங்க."

முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியம், மேடம்.

இப்போது ஜூன் மாதத்துச் சம்பவம். சிறப்பிதழுக்காக எல்லாத் தலைமுறை வண்டிகளையும் க்ரோவா-மொராண் கணவாயில் படம் பிடிக்க ஏற்பாடு செய்தீர்கள். லோயிக்குக்கு 1993-ம் வருடத்துச் சிவப்பு ஃப்யூரே. எனக்குப் புதிய பெலிக்கான். அதில் புகைப்படக்காரர் யோலாந்த், மடக்கு மேசை, ரொட்டி, ஒரு முழுச் சென்-நெக்தேர் பாலாடைக்கட்டி, எல்லோருக்கும் சாப்பாடு. பெஸ் ஊரில் காப்பி குடிக்க நிறுத்தினோம். லோயிக்குக்குத் தொலைபேசி வந்து வெளியே போனார். அவருடைய சாவி மேசைமேல் கிடந்தது. என் சாவியை அங்கே வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். திருட்டு என்று சொல்லாதீர்கள், மாற்றிக்கொண்டேன்.

"கிஸ்லேன், அது உங்க வண்டி இல்லையே" என்றார் யோலாந்த்.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

உள்ளே இறங்கவே இரண்டு நிமிடமாயிற்று. வாளிபோல ஒரு சீட்டு, இடுப்பை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டது. ஆனால் மேடம், முதல் மூன்று வளைவுகள்! நான் திருப்ப நினைத்ததுமே வண்டி திரும்பியது. மலை இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டதுபோல இருந்தது. யாரும் இல்லாத வண்டிக்குள் சத்தமாகச் சிரித்தேன். லோயிக் இத்தனை காலமும் கதை விடுகிறார் என்று நினைத்து மனதை ஆற்றிக்கொண்டிருந்தவன் நான். அவர் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

நாலாவது வளைவில் பசுக்கள். செந்நிறச் சலேர் மாடுகள், நாற்பதாவது இருக்கும், சாலை முழுக்க. பிரேக்கை மிதித்தேன், வண்டி நின்றது, எஞ்சினும் நின்றது, பிறகு கிளம்பவில்லை. மாடுகள் போகும்வரை காத்திருந்து இறங்கப் பார்த்தால், சீட்டு என்னை விடவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. கைப்பேசியும் மாத்திரையும் என் மேலங்கியில், மேலங்கியோ பெலிக்கானில். போகாமல் நின்ற ஒரு பசு மட்டும் சன்னல் கண்ணாடியை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது.

இருபது நிமிடம் கழித்துப் பெலிக்கான் வந்தது, அவ்வளவு மெதுவாக. லோயிக் கத்துவார் என்று பார்த்தேன், சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் குனிந்து, "என்ன தலைவரே, புதுசா சிநேகிதம் பிடிச்சிட்டீங்க போல?" என்று பசுவைத் தட்டிக்கொடுத்தார்.

"என்னை முதல்ல வெளியே எடுப்பா."

அவர் ஒரு கை, சாலையோரம் வந்த மாட்டுக்காரர் ஒரு கை. என் இரண்டு கால்கள் மட்டும் வெளியே வந்த நேரம் பார்த்து யோலாந்த் படமெடுத்தார். அதைத்தான் நீங்கள் நாற்பத்தோராம் பக்கத்தில் போட்டு, கீழே "ஃப்யூரேவை விட்டு இறங்க யாருக்குத்தான் மனம் வரும்!" என்று எழுதியிருக்கிறீர்கள். லோயிக் என் மாத்திரையைக் கொடுத்து, மேசையை விரித்து, பாலாடைக்கட்டி வெட்டிக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு பெலிக்கானின் மூன்றாம் வரிசையில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கியும் போனார். எழுந்து, "எவ்வளவு நிம்மதியான வண்டி தலைவரே! இத்தனை வருஷமா இதைத்தான் ஓட்டுறீங்களா?" என்றார். கேலி என்று நினைத்தேன்.

ஆகவே மேடம், முடிவாகச் சொல்கிறேன். வசந்த காலத்தில் மின்சார ஃப்யூரே வருகிறது. அதை எனக்குத் தர வேண்டும், லோயிக் பெலிக்கானை ஓட்டட்டும். மறுத்தால் இந்தக் கடிதத்தையே என் ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளலாம். இதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றப்போவதில்லை.

உங்கள் முழங்கால் விரைவில் முழு பலம் பெறவும், உங்கள் இல்லத்தார் அனைவரும் நீடித்த நலத்தோடு இருக்கவும் வேண்டி, குறையாத மரியாதையுடன்,

கிஸ்லேன் துர்நோன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் லோயிக் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவிக்கு ஜனவரியில் இரட்டைக் குழந்தையாம். குடும்பக் கார் பக்கங்களைத் தனக்குத் தரும்படி உங்களிடம் கேட்டிருப்பதாகவும், "கிஸ்லேன் சம்மதிச்சா சரி" என்று நீங்கள் சொன்னதாகவும் சொன்னார். ஜோஸ்லின் கைதட்டி அவரிடம், "நீங்க எழுதினா குடும்ப வண்டிகூடப் படிக்க நல்லா இருக்கும்!" என்றாள். எனக்குச் சம்மதமில்லை. பெலிக்கான் என்னுடையது. அந்த ஆளுக்குக் குழந்தை சீட்டின் கொக்கி எங்கே மாட்டுவது என்றுகூடத் தெரியவில்லை, முற்றத்தில் ஒரு மணி நேரம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அவர் அத்தனையையும் குறிப்பெடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தயவுசெய்து அவரை ஃப்யூரேவிலேயே வைத்திருங்கள். இன்னும் வேகமாக ஒன்று வந்தால் அதையும் அவருக்கே கொடுங்கள். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன், பின்குறிப்பை மட்டும் படித்தால் போதும்.