பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்த்த கதை

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் 'நான் அங்கே இல்லை' என்று சொல்லக் கூடாது.

தலைமையாசிரியை வசந்தா டீச்சர். கையில் ஒரு நோட்டு.

என் வீட்டுக்காரி கோமதி. (சங்கரன்கோவில் பக்கம் அம்மன் பேரில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு. இவள் என்னுடையவள்.)

கோமதியின் தம்பி சுடலை. லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பையன்கள்.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள். பூ மார்க்கெட்டுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிறவள். அவளுக்கும் அங்கே இரண்டு.

என் மகள் முத்துச்செல்வி. மூன்றாம் வகுப்பு.

கடைசியாக நான். ஆட்டு வியாபாரி. நானும் மூன்றாம் வகுப்புதான். அதுவும் பாதி.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பிடித்த ஆட்டைத்தான் குறை சொல்ல வேண்டும். பிடிக்காத ஆட்டைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? பேசாமல் நடந்துவிடுவோம். நல்ல ஆட்டைப் பார்த்து 'நல்லாருக்கு' என்று வாயைத் திறந்தால் வியாபாரி அன்றோடு கெட்டான். இருபத்திரண்டு வருசமாக நான் எதையும் நல்லாருக்கு என்று சொன்னதில்லை. கோமதியைப் பெண் பார்க்கப் போனபோதுகூட 'உயரம் கொஞ்சம் கம்மி' என்றேன். அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து, என் அய்யா தனியாகப் போய் விளக்கினார். "பிடிச்சிருக்குன்னு சொல்லுதான்."

விசயம் இதுதான். டவுனில் உள்ள ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். டை, ஷூ, வாசலுக்கே வேன். சுடலை நோட்டீஸை நாலு தடவை படித்தான்.

"அக்கா, நம்ம பிள்ளைகள இதுல சேத்துருவோம். இப்பப் படிக்கது ஓசிப் பள்ளிக்கூடம்லா. ஓசில குடுக்கது எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கு? நீ உள்ள போய்ப் பாத்தியா?" என்றாள் கோமதி.

அவன் பார்க்கவில்லை. பேச்சியம்மாளும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. மூன்று வருசமாக மகளை வாசலில் இறக்கிவிட்டதோடு சரி.

"அப்ப இவுக போய்ப் பாக்கட்டும். இவுக கண்ணு தப்பாது. ஆட்டைத் தொட்டே எடை சொல்லுதவுக. இவுக என்ன சொல்லுதாகளோ அதான்."

மூன்று வீடு. ஐந்து பிள்ளைகள். எல்லாம் என் ஒரு சொல்லில். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. (மடையன்.)

மறுநாள் பத்து மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றோம். ஆட்டைச் சந்தையில் பார்க்கக் கூடாது, தொழுவத்தில் பார்க்க வேண்டும். சந்தைக்குக் குளிப்பாட்டிக் கொண்டுவருவான்.

முத்துச்செல்வி வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஓடி வந்து என் வேட்டியைப் பிடித்தாள்.

"அப்பா, இங்கன வந்து குறை சொல்லிராதீங்க. நான் இங்கனயேதான் படிப்பேன்."

"ம்" என்றேன்.

வசந்தா டீச்சர் வந்தார். சுடலை விவரம் சொன்னான். டீச்சர் கோபப்படவில்லை. "நல்லாப் பாருங்க அண்ணாச்சி. பெத்தவங்க உள்ள வந்து பாக்கலன்னுதான் எனக்கு வருத்தம்" என்று நோட்டைத் திறந்து பேனாவை எடுத்துக்கொண்டார். "குறை இருந்தா சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

அந்தம்மா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

முதலில் சுவர். ஆட்டின் முதுகைத் தடவுகிற மாதிரி உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். சுண்ணாம்பு ஒட்டவில்லை. வெடிப்பு இல்லை. என் வீட்டுச் சுவர் இப்படி இல்லை.

"வெள்ளை ஜாஸ்தி. கண்ணு கூசுது" என்றேன்.

டீச்சர் எழுதினார்.

அடுத்தது கக்கூஸ். மூக்கை மூடிக்கொண்டு போனேன். மூட வேண்டியிருக்கவில்லை. குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது.

"தண்ணி வேகமா வருது. பிள்ளைக மேல தெறிக்கும்."

எழுதினார்.

சமையல்கூடம். சாம்பார் கொதித்தது. ஒரு தட்டில் அவித்த முட்டை. வாசத்துக்கு எனக்கே பசித்தது.

"முட்டை சின்னது."

"எல்லாமா?" என்றார் டீச்சர்.

"ஒண்ணு ரெண்டு."

எழுதினார். பேச்சியம்மாள் சுடலையைப் பார்த்தாள். சுடலை தலையை ஆட்டினான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு உள்ளே வேறு என்னவோ நடந்துகொண்டிருந்தது.

பிறகு வகுப்பறை. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறை. இருபது பிள்ளைகள். ஒரு இளவயது டீச்சர். பிள்ளைகள் தரையில் நாலு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வட்டம் புளியங்கொட்டை எண்ணியது. ஒன்று படம் பார்த்து எழுதியது. ஒன்று அட்டை சேர்த்தது. ஒன்று படித்தது. டீச்சர் நடுவில் நடந்துகொண்டிருந்தார். கையில் கம்பு இல்லை.

நாற்பது ஆட்டை ஓட்ட எனக்குக் கம்பு வேண்டும். நாய் வேண்டும். வாய் வேண்டும். அப்படியும் இரண்டு ஆடு யாராவது பருத்திக்குள் போய் நிற்கும். இந்தப் பெண் வெறுங்கையோடு இருபது பேரை மேய்த்தது. நாலு திசையில். ஒருத்தரும் வேலி தாண்டவில்லை.

அப்போது அந்த இளவயது டீச்சர் எங்களுக்கு வணக்கம் சொல்ல இந்தப் பக்கம் திரும்பினார். திரும்பினபடியே சொன்னார். "மாடசாமி, ஏழுக்கப்புறம் விட்டுட்ட பாரு. மறுபடி எண்ணு." பின்னால் ஒரு பையன் கொட்டையைக் கலைத்துவிட்டு மறுபடி எண்ணினான்.

மந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நொண்டி ஆட்டைச் சொல்லுகிறவர்களை நான் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் அப்போது எழுபது வயசு.

எனக்குக் கை மயிர் சிலிர்த்து நின்றது.

"சத்தமே இல்ல. பள்ளிக்கூடம்னா சத்தம் வேணும்" என்றேன்.

எழுதினார்.

"பிள்ளைகள வாசிக்கச் சொல்லிப் பாருங்க அண்ணாச்சி. புஸ்தகம் வேணுமா?" என்றார் வசந்தா டீச்சர்.

புஸ்தகம் வேண்டாம் என்றேன். மனப்பாடம் செய்திருக்கும். சட்டைப் பையில் ஒரு தாள் கிடந்தது. ஆட்டுக்குப் பூச்சி மருந்து வாங்கினபோது கால்நடை மருந்தகத்தில் கொடுத்தது. ஒரு வருசமாகப் பையில் இருந்தது. மேலே ஆட்டுப் படம் போட்டிருந்ததால் எறிய மனசில்லை. கீழே உள்ளதை நான் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் ஆடு கிழடாகிவிடும்.

இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி. பவானி என்று பெயர். முன்னால் இரண்டு பல் விழுந்திருந்தது. (ஆட்டுக்குப் பல்லைப் பார்த்துத்தான் வயசு சொல்லுவோம். அந்தக் கணக்கில் அது வேறு வயசு.) தாளை வாங்கினாள். விரலை வைத்தாள். நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"சினை... பிடித்த... முதல் மாதங்களில்... ஆட்டுக்கு... இம்மருந்தைக்... கொடுக்கக் கூடாது. குட்டி... வீசிவிடும்."

வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க குடுத்தீங்களா?"

போன வருசம் என் கொட்டிலில் கன்னி இனத்து ஆடு இரண்டு, மாசம் நிறையாமல் குட்டி வீசியது. வெயில் என்று நினைத்தேன். கண்ணேறு என்று கோமதி நினைத்தாள். வேப்பிலை கட்டினோம். காரணம் என் நெஞ்சுக்கு நேரே, சட்டைப் பையில், ஒரு வருசம் இருந்திருக்கிறது. ஏழு வயசுப் பிள்ளை அதை ஒரு நிமிசத்தில் எடுத்து வெளியே வைத்துவிட்டது.

எனக்கு அந்தப் பிள்ளையைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

"குரல் பத்தாது" என்றேன்.

டீச்சர் எழுதினார்.

வராந்தாவுக்கு வந்தோம். சுடலை தொண்டையைச் செருமினான். "சரி டீச்சர். அத்தானுக்குப் பிடிக்கல. ஒண்ணுகூட நல்லதாச் சொல்லல. நாங்க பிள்ளைகள மாத்திக்கிடுதோம்."

"ஆமா டீச்சர். மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றாள் பேச்சியம்மாள்.

டீச்சர் பேனாவை மூடினார். "அஞ்சு பிள்ளையுமா?"

"அஞ்சும்."

"அஞ்சு போனா எண்ணிக்கை குறைஞ்சிரும். ஒரு டீச்சரை வேற ஊருக்கு மாத்திருவாங்க. கடைசியா வந்தவங்களத்தான் மாத்துவாங்க" என்றார். கண் அந்த ஒன்றாம் வகுப்பு அறைப் பக்கம் போனது. கம்பில்லாத அந்தப் பெண்ணைத்தான் சொல்லுகிறார்.

முத்துச்செல்வி வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். அழவில்லை. என் பிள்ளை. அழாது. அதுதான் கஷ்டம்.

இப்போது நான் பேச வேண்டும். ஒரே சொல். நாக்கு நுனியில் இருந்தது. வரவில்லை. எனக்குக் கையில் கயிறு இல்லாமல் முக்கியமான பேச்சு வராது. இருபத்திரண்டு வருசப் பழக்கம். கை அதுவாகத் தேடியது. பக்கத்தில் ஒரு கயிறு தொங்கியது. பிடித்தேன். உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஆட்டை நிறுத்தி வைத்துப் பேசும்போது செய்கிற மாதிரி ஒரு சுண்டு சுண்டினேன்.

தலைக்கு மேலே மணி அடித்தது.

பதறிக் கையை இழுத்தேன். மறுபடி அடித்தது. சுற்று இறுகிக்கொண்டது. உதறினேன். உதற உதற அடித்தது. விடாமல் அடித்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் விடாமல் அடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். எனக்கு யார் சொன்னார்கள்?

மூன்று அறையும் ஒரே நேரத்தில் திறந்தது. ஆட்டுக் கிடையில் நரி புகுந்தால்கூட இப்படிக் கிளம்பாது. பையை எடுத்தவர்கள் பாதி. எடுக்காதவர்கள் பாதி. சத்தம் இல்லை என்று குறை சொன்னேனே, வந்தது சத்தம்.

"ஏலே, நில்லுங்கலே!" என்று சுடலை கத்திக்கொண்டே ஓடினான். அவன் செய்த ஒரு நல்ல காரியம், லோடு ஆட்டோவைத் தெரு முனையில் குறுக்கே நிறுத்தினான். ஒரு பிள்ளையும் மெயின் ரோட்டுக்குப் போகவில்லை. எல்லாம் தெருக்களுக்குள் சிதறிவிட்டது. முத்துச்செல்வி மட்டும் போகவில்லை. என் கையிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

டீச்சர் சத்தம் போடவில்லை. "இன்னைக்கு வந்தது அறுபத்து மூணு" என்றார். "மீதி அறுபத்து ரெண்டும் சோத்து நேரத்துக்குள்ள இங்க இருக்கணும் அண்ணாச்சி."

போனேன். பின்னாலேயே கோமதி. முதல் வீட்டு வாசலில் நின்றேன்.

"மணி தப்பா அடிச்சிருச்சு. பிள்ளைய அனுப்பு தாயி."

"எதுக்கு அனுப்ப? பள்ளிக்கூடம் ஒண்ணுக்கும் ஆகாதுன்னு நீங்களே சொன்னியளாமே?"

எனக்கு முன்னால் பேச்சியம்மாள் அந்தத் தெருவைக் கடந்திருக்கிறாள்.

நின்றேன். கையில் கயிறு இல்லை. "நல்லாருக்கு" என்றேன்.

"என்னது?"

"பள்ளிக்கூடம். நல்லாருக்கு."

பிள்ளை வந்தது. இரண்டாவது வீட்டிலும் அதே கேள்வி. அங்கே கொஞ்சம் லேசாக வந்தது. ஐந்தாவது வீட்டில் கம்பில்லாத டீச்சரைப் பற்றிச் சொன்னேன். எட்டாவது வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானே நின்று பவானி வாசித்ததையும் என் இரண்டு ஆட்டையும் சொன்னேன். அந்த வீட்டு அம்மா சேலையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

பின்னால் கோமதி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "இத்தன வருசத்துல எனக்குச் சொல்லாதத, இன்னைக்குத் தெரு பூராச் சொல்லுதாக, பாரு."

வாசல் கேட்டில் நின்றேன். கொட்டிலில் அடைக்கிற மாதிரி ஜோடி ஜோடியாக உள்ளே விட்டு எண்ணினேன். என் மகளையும் சேர்த்து அறுபத்து நாலு.

மறுபடி எண்ணினேன். அறுபத்து நாலு. இருபத்திரண்டு வருசத்தில் எனக்கு ஆடு குறைந்திருக்கிறது. கூடினதில்லை.

டீச்சர் வந்து பார்த்தார். பேச்சியம்மாள் பிள்ளைகளுக்கு நடுவில் கவுன் போட்ட ஒரு சிறுமி. "நீ யாரும்மா?"

"நான் வேன் பள்ளிக்கூடம். காய்ச்சல்னு லீவு. இவுக எங்க வாசல்ல நின்னு அவ்வளவு சொன்னாகளா, பாக்க வந்தேன்" என்றாள். பிறகு, "முட்டை உண்டுல்லா?" என்றாள்.

சுடலை என் பக்கத்தில் வந்து நின்றான். வேர்த்திருந்தான்.

"அத்தான், என்னதான் சொல்லுதீய? அத்தனையும் குறைன்னீய?"

"ஏ மாப்ள. பிடிக்காத ஆட்டை நான் குறை சொல்லிப் பாத்திருக்கியா?"

யோசித்தான். பிறகு ஆட்டோவில் ஏறி, அந்த வேன் நோட்டீஸால் முன்கண்ணாடியைத் துடைத்தான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வசந்தா டீச்சர் என் குறைகளை எல்லார் முன்னாலும் வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் எடுத்த நடவடிக்கையும் வாசித்தார். "முட்டை சின்னது. கோழிக்குத் தெரிவிக்கப்படும்." முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. அந்தம்மா ஆட்டு வியாபாரத்துக்கு வந்தால் நான் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

வீட்டில் இன்றைக்கும் நான் 'குழம்புல உப்பு கம்மி' என்றால் முத்துச்செல்வி அடுப்படிக்குக் குரல் கொடுப்பாள். "அம்மா, அப்பாவுக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து." விருந்தாளி வந்தால் கதை முழுசாக நடக்கும். மணியாகச் சுடலை நடிப்பான்.

அந்த டீச்சரை மாற்றவில்லை. இன்னும் அதே அறைதான். இன்னும் கம்பு இல்லை. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு நான் போய்க் கேட்டில் நிற்பேன். யாரும் கூப்பிடுவதில்லை. பிள்ளைகள் உள்ளே போகப் போக எண்ணுவேன்.

இந்த வருசம் எழுபத்தொன்பது.