சந்துக்கு அந்தப் பக்கத்துப் புகை

"ஆரம்பிச்சுட்டான் பாரு!" லுடோமிர் ஜன்னலைப் படாரென்று சாத்தினார். "அவன் மூட்டற அடுப்புக்கு நாம இருமணுமா?"

வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியுமாக முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி ஒட்டிலியா. "அந்த வீடாவது சூடா இருக்கட்டுமே" என்றாள்.

கிராக்கோ நகருக்குள் விறகும் நிலக்கரியும் எரிக்கக்கூடாது என்று சட்டம் வந்த முதல் பனிக்காலம் அது. சுற்றியுள்ள கிராமங்களுக்கு அந்தத் தடை இல்லை. வளைய ரொட்டிபோல நகரைச் சூழ்ந்திருப்பதால் அந்தக் கிராமங்களுக்கு 'ஒப்வஜானெக்' என்று அந்த ரொட்டியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ரொட்டி அவர்களுக்கு, நடுவிலுள்ள ஓட்டை நகரத்தாருக்கு. இது எந்த ஊர் நியாயம்?

லுடோமிர் வீட்டு வாசலில் ஓடும் சந்துதான் எல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். எதிர்வீட்டு ஃபாபியான் கிராமத்துக்காரன். ஜனவரியிலும் பனியனோடு உலாத்துவான். இங்கேயோ, அறையைச் சூடாக்க ஒட்டிலியாவின் அப்பா தன் கையால் நீல ஓடு பதித்துக் கட்டிய அடுப்பு, கூரை உயரத்துக்குச் சில்லென்று நின்றது. மின்சார ஹீட்டரின் சூடு முழங்காலுக்கு மேல் ஏறவில்லை.

லுடோமிர் நகரக் காவலர்களுக்குப் போன் செய்தார். இரண்டு பேர் வந்தார்கள்.

"புகை சந்தைத் தாண்டலாம் சார். நாங்க தாண்ட முடியாது."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"வந்தது வந்தோம், உங்க அடுப்பைப் பாத்துட்டுப் போறோம்." பார்த்தார்கள். "இதைப் புகைபோக்கியிலேர்ந்து துண்டிச்சிருக்கணுமே? இப்படியே விட்டா அபராதம் போடுவோம்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. லுடோமிருக்கு ரத்தம் கொதித்தது. ஊரே கரியை அள்ளிப் போட்டு எரிக்கிறது, ஒரு குச்சி கொளுத்தாத மனுஷன் குற்றவாளியா? சுத்தியலை எடுத்தார்.

"ஏங்க, வேண்டாங்க! எங்கப்பா கட்டினது!" ஒட்டிலியா அவர் கையைப் பிடித்தாள்.

"விடுடி! சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் எப்படி இருப்பான்னு இவங்க பாக்கட்டும்!"

நீல ஓடுகள் சுக்குநூறாயின. காவலர்கள் சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள்.

சத்தம் கேட்டு ஃபாபியான் ஓடிவந்தான். "என்னண்ணே இது! அக்கா, நீங்க பகல்ல எங்க வீட்டுல வந்து உக்காருங்க. அண்ணன் சட்டத்தைப் போத்திக்கிட்டுத் தூங்கட்டும்."

ஒட்டிலியா கம்பளி பின்னும் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டாள்! எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. 'எல்லையை முறையாக அளந்தால் ஃபாபியான் வீடு நகரத்துக்குள்தான் வரும், உடனே அளக்க வேண்டும்' என்று நில அளவை அலுவலகத்தில் போய்க் கத்தினார் லுடோமிர். கத்திய வேகத்தைப் பார்த்து ஆளை அனுப்பிவிட்டார்கள்.

வந்தவள் மல்வினா என்ற பெண். பனியில் அளவைக் கருவியின் முக்காலியை நட்டு அளக்க ஆரம்பித்தாள். லுடோமிர் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

"அவன் புகைபோக்கி நம்ம பக்கம் வருதா? நல்லாப் பாரும்மா!"

மல்வினா சந்தை அளந்தாள். வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தாள். லுடோமிரின் தோட்டத்தைக் கடந்து பின்பக்கம் போய்விட்டு, கைகளை ஊதிக்கொண்டே திரும்பினாள். ஒட்டிலியாவும் ஃபாபியானும் சந்தில் வந்து நின்றார்கள்.

"சொல்லும்மா! அவன் எந்தப் பக்கம்?"

"அவரும் நீங்களும் ஒரே பக்கம்தான் ஐயா, எல்லை உங்க தோட்டத்துக்குப் பின்னால ஓடற ஓடை, உங்க வீடும் கிராமம்தான், தடையெல்லாம் உங்களுக்குக் கிடையாது, அடுப்பைக் கொஞ்சம் பத்தவெச்சீங்கன்னா நானும் குளிர் காஞ்சுக்குவேன்."