கோழி பாரிஸ்டரின் ஒரே சட்டம்

ஒரே ஒரு சட்டத்தைத் தெரிந்துகொண்டு ஒரு தெருவையே ஆண்ட மனிதர் உலகத்தில் ஒருவர்தான்: மலாயாவில் எங்கள் காஜா பெராங் தெருக் கோழி பாரிஸ்டர். பள்ளிக்கூடத்துக்குள் அவர் நுழைந்தது மாட்டுவண்டியில் கொண்டுபோன விறகை இறக்குவதற்கு மட்டும்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில், பக்கத்து வீட்டுச் சேவலைத் திருடியதாக அவர்மேல் வழக்கு. சாட்சி போதாமல் விடுதலையானார். படியிறங்கும்போது கோர்ட்டில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஒருவர், "இனிமே இதே குத்தத்துக்கு உன்னை யாரும் கூண்டுல ஏத்த முடியாது" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். மறுநாள் முதல் மனிதர் கடை கடையாக நின்று, சேவலை எப்படி அமுக்கினார், குழம்புக்கு எவ்வளவு மிளகாய் அரைத்தார் என்று விளக்க ஆரம்பித்தார். சேவலின் சொந்தக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

வீட்டிலும் அதே சட்டம்தான்.

"நேத்து கள்ளு குடிச்சதுக்கு நேத்தே திட்டிட்டலா. திரும்பவும் திட்ட உனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப சோறு போடவும் அதிகாரம் இல்ல, போ" என்பார் அவர் மனைவி. அந்தத் தீர்ப்புக்கு மட்டும் அவரிடம் சட்டம் இல்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். சட்டமெல்லாம் காவல் சாவடிச் சிப்பாயின் உள்ளங்கைக்குள் போய்விட்டது. ஒருநாள் சைக்கிளில் பறந்த அவசரத்தில், சாவடிக்கு முன்னால் இறங்கிக் குனிந்து வணங்க மறந்துவிட்டேன். முதலில் அறை விழுந்தது. அப்புறம் பொழுது சாயும்வரை தலைக்குமேல் கல்லைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றேன். அதோடு விட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை ஒரு சார்ஜெண்ட் லாரியோடு வந்து எங்கள் வாசலில் நின்றான். போருக்கு முன் மலாயாவில் போட்டோக் கடை வைத்திருந்தவன்; சந்தையில் பேசும் மலாய் சரளமாக வரும்.

"வணங்காமப் போனவன் நீதானே? ஏறு. சயாம் ரயில் பாதைக்கு ஆள் வேணும்."

அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். தெரு முழுக்க ஒதுங்கி நின்றது. பாரிஸ்டர் மட்டும் தன் மாட்டுவண்டியை விட்டு இறங்கி வந்து, இடுப்பை ஒடித்துக் குனிந்தார்.

"துவான், ஒரு சின்னச் சந்தேகம். நேத்து இவனுக்குத் தண்டனை கொடுத்த சிப்பாய் சரியா கொடுக்கலையா?"

"என்ன உளறுற?"

"ஒரு குத்தத்துக்கு ரெண்டாவது தண்டனைன்னா, மொதல்ல கொடுத்தது பத்தலைன்னு ஆயிடும். சக்கரவர்த்தியோட சிப்பாய் விட்ட அறை பத்தலைன்னு இந்தத் தெருவுல ஒருத்தனும் சொல்ல மாட்டான், துவான். வீக்கத்தை நீங்களே பாருங்க. சுத்தமான வேலை."

சார்ஜெண்ட் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தான். பிறகு தெருமுனைச் சாவடியைப் பார்த்தான். நேற்றைய சிப்பாய் எங்களையே முறைத்துக்கொண்டு நின்றான். சார்ஜெண்டின் கை என்னை விட்டது. ஆனால் அந்தக் கை சும்மா இருக்குமா? அதிகம் பேசியதற்காகப் பாரிஸ்டரின் இரண்டு கன்னத்திலும் இறங்கியது. லாரி நான் இல்லாமல் கிளம்பியது. அதில் போனவர்களில் ஒருவரையும் நான் அப்புறம் பார்த்ததில்லை.

"அண்ணே…" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

"பேசாம போடா. பல்லு ஆடுது, என்னாலயும் பேச முடியல."

பல நாள் அவரால் எதையும் மெல்ல முடியவில்லை. அம்மா மரவள்ளிக்கிழங்கைக் கஞ்சியாகக் குழைத்துக் கொடுப்பார், நான் கொண்டுபோவேன். வேறு வேலை எவ்வளவு இருந்தாலும், கடைசி மடக்கை அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.