மாமாவுக்கு முள்ளில்லாத கெண்டை

செல்பேசியில் ஒருவர் செய்வதைப் பார்க்கும்போது உலகத்தில் எந்த வேலையும் சுலபமாகத்தான் தெரிகிறது. கத்தியை அவர் ஒரே இழுப்பாக இழுக்கிறார். மீன் பிரிகிறது. முள் தனியே, சதை தனியே, பின்னணியில் மெல்லிய கிதார். அந்தக் கிதாரை நம்பித்தான் நான் கெட்டேன்.

மைசூரில் மண்டி மொஹல்லாவில், ஒரு பாத்திரக்கடையின் மேல்மாடியில் நானும் என் கணவர் முருகேசனும் குடியிருந்தோம். அவர் கட்டடங்களுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலையை எடுத்துச் செய்பவர். எனக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தின்பண்டத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. அதாவது, மற்றவர்கள் செய்வதில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம். (இதை வீட்டுக்கும் கொண்டுவராதே என்று முருகேசன் பல முறை கெஞ்சியிருக்கிறார்.)

ஹனூரிலிருந்து என் மாமனாரை அழைத்துவந்து இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தொண்டையில் ஆபரேஷன் செய்தோம். கட்டியை எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். குரல் மட்டும் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வரும், ஆனால் அவரே பேச முயற்சி செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா.

மாமா முயற்சி செய்யவில்லை. வரப்பில் நின்று கூப்பிட்டால் மூன்றாம் காட்டில் இருப்பவர் திரும்பிப் பார்க்கும் குரல் அவருடையது. இப்போது வாயைத் திறந்தால் வெறும் காற்று. அந்தக் காற்றை இரண்டொரு முறை தானே கேட்டார். பிறகு வாயை மூடிக்கொண்டார், சாப்பாட்டுக்கும் சேர்த்து. கஞ்சியில் இரண்டு கரண்டி, அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஊரில் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை தினமும் சாயங்காலம் போன் செய்வார்.

“இன்னைக்காச்சும் உண்டாரா அம்மிணி?”

“சாப்பிட்டாரு அத்தை. நல்லா சாப்பிட்டாரு,” என்று பொய் சொல்வேன். மாமா அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பார்.

ஒருநாள் தாங்க முடியாமல் அவர் கட்டிலருகே உட்கார்ந்தேன். “மாமா, என்ன வேணும்னு கையாலயாவது காட்டுங்க. எதுன்னாலும் செஞ்சு தர்றேன்.”

வெகுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு போர்வைக்குள்ளிருந்து உள்ளங்கையை எடுத்து, காற்றில் வளைத்து வளைத்து நீந்தவிட்டார். மீன்!

முருகேசன் வண்டியை எடுத்துக்கொண்டு தேவராஜ மொஹல்லா பக்கம் ஓடி, முள்ளில்லாத கடல் மீன் துண்டுகளை வாங்கிவந்தார். வேகவைத்துக் கொடுத்தேன். மாமா ஒரு வாய் வைத்து, அதை மரியாதையாகத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டார்.

“அப்பாவுக்குக் கடல் மீனு எறங்காது,” என்றார் முருகேசன். “ஏரிக் கெண்டைதான் வேணும். அதுவும் அன்னைக்குப் புடிச்சதா இருக்கோணும்.”

டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். மீன் கொடுக்கலாம், மசித்துக் கொடுங்கள் என்றார். ஆனால் ஒரு முள்கூட இருக்கக் கூடாது, தொண்டைப் புண் இன்னும் ஆறவில்லை, குத்தினால் பெரிய தொந்தரவு என்றும் அழுத்திச் சொன்னார். ஏரிக் கெண்டை என்றாலே முள். சின்னக் கெண்டை என்றால் முள்ளைத் தவிர அதில் வேறெதுவும் கிடையாது. இது தெரிந்த எவரும் பேசாமல் இருந்திருப்பார்கள். எனக்குத் தெரியாது. “நானே பிடிச்சு, முள்ளெடுத்து, சமைச்சுத் தர்றேன் மாமா,” என்று அறிவித்தேன். அவர் கண்களை அகல விரித்து என்னைப் பார்த்தார். அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

தூண்டில் போடத் தெரிந்தவர் வீட்டிலேயே இருக்கிறார் என்று முருகேசனைக் கணக்கில் வைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார். “எங்கப்பன் மீன் புடிக்க என்னைய ஒரு நாளும் கூட்டிட்டுப் போனதில்ல. நான் பேசிக்கிட்டே இருப்பேனாம். மீனெல்லாம் ஓடிப்போயிருமாம்.” இத்தனை வருஷம் கழித்தும் அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் மஞ்சுநாத்தை மாமாவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினோம். கயிற்றுக்கடையில் மூங்கில் கழியும் தூண்டில் நரம்பும் தக்கையும் தூண்டில் முள்ளும் வாங்கினோம். கழியைப் படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். மண்டி மொஹல்லாச் சந்தில் எதையும் படுக்கைவாட்டில் பிடிக்கக் கூடாது என்று எனக்கு உறைப்பதற்குள், ஒரு துணிக்கடை வாசலில் தொங்கிய பூப்போட்ட நைட்டியைக் கழி மாட்டிக்கொண்டது. தெருமுனை வரை அது எங்கள் பின்னால் கொடிபோலப் பறந்து வந்தது. கடைப் பையன், “அக்கா, நில்லி! நைட்டி, நைட்டி!” என்று ஓடிவந்தான். பின்னால் கூச்சல் கேட்டதும் முருகேசன் வேகத்தைக் கூட்டினார். (போலீஸ் என்று நினைத்துவிட்டாராம்.)

நஞ்சன்கூடு சாலையிலிருந்து பிரிந்து போகும் ஓர் ஊரில் ஏரி. அதைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் முதல் நாளே சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன். கேழ்வரகு மாவை உருட்டி முள்ளில் குத்திப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. முருகேசன் பேசிக்கொண்டேயிருந்தார். டைல்ஸ் விலை, மழை, மஞ்சுநாத்தின் புது ஆட்டோ. நடுவில் கொஞ்சம் நிறுத்தி, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்:

“அப்பா இப்படியே பேசாமயே இருந்துட்டா என்ன பண்றது புள்ள?”

அந்த நேரம் பார்த்துத் தக்கை முழுகியது.

இழுத்தேன். அது என்னை இழுத்தது. முருகேசன் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் பின்னால் விழுந்தோம், எங்கள் மேல் ஒரு கெண்டை வந்து விழுந்தது. கைக்குழந்தை அளவு இருந்தது. பொன் நிறத்தில் செதில். இவ்வளவு பெரிய மீனில் முள்ளும் பெரிதாக இருக்கும், சுலபமாக எடுத்துவிடலாம் என்று ஆனந்தத்தில் அதை இரண்டு கைகளாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மீனை யாரும் அப்படி அணைப்பதில்லை போலிருக்கிறது. அது வாலைச் சுழற்றி என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டது. என்னைப் பெற்றவர்கள்கூட அப்படி அறைந்ததில்லை. மூக்குக்கண்ணாடி பறந்து ஏரியில் விழுந்தது. கண்ணாடியைப் பிடிக்க நான் விழுந்தேன். எங்களுக்கு முன்பே கெண்டை போய்விட்டிருந்தது.

முருகேசன் இடுப்பளவுச் சேற்றில் இறங்கித் துழாவினார். யாருடையதோ ஒரு செருப்பு கிடைத்தது. கண்ணாடி இல்லாவிட்டால், எதிரில் நிற்பது முருகேசனா பீரோவா என்று எனக்குத் தெரியாது. அந்த நிலையில்தான் சின்ன மீன்கள் வரிசையாகக் கடிக்க ஆரம்பித்தன. உள்ளங்கை அளவு ஜிலேபிக் கெண்டைகள். முதுகில் சீப்புப்போல் முள் வரிசை. (பெயர் வைத்தவர் அதன் முதுகைத் தொட்டுப் பார்த்ததில்லை.) ஒவ்வொன்றையும் கழற்றும்போது விரலில் குத்தியது. வாளி நிறைந்தது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைக் குடைந்து கல்லூரிக் காலத்துக் கண்ணாடியை எடுத்தேன். ஒரு காது உடைந்திருந்தது, நூலால் கட்டிக்கொண்டேன். மொட்டைமாடியில் அரிவாள்மணையும் காய்கறிக் கத்தியும் செல்பேசியுமாக உட்கார்ந்தேன். கிதார் ஒலித்தது. செவுளுக்குப் பின்னால் கத்தியை வைத்து, நடுமுள்ளை ஒட்டியபடியே வால் வரை இழுக்க வேண்டுமாம். இழுத்தேன். மீன் வழுக்கிக்கொண்டு மாடிக் கைப்பிடிச் சுவர் வரை போனது. அங்கே காத்திருந்த பூனை அதை எடுத்துக்கொண்டது.

அடுத்ததைத் துணியால் பிடித்துக்கொண்டேன். கத்தி நடுமுள்ளை ஒட்டிப் போகவில்லை, நடுமுள்ளோடு போனது. அதற்கடுத்ததில் தோல் மட்டும் வந்தது. அப்படியே அறுத்து அறுத்து, வெயில் தலைக்கு மேலே வந்தபோது என் இடப்பக்கம் எலும்புக் குவியல், வலப்பக்கம் கிண்ணம். முருகேசன் குனிந்து இரண்டையும் பார்த்தார்.

“ஏம்புள்ள, கிண்ணத்துல இருக்கறதவிட எலும்புலதான் கறி ஜாஸ்தியா இருக்குது.”

“பேசாதீங்க. மீன் ஓடிப்போயிடும்,” என்றேன்.

அவர் என் எதிரில் உட்கார்ந்தார். இரண்டு பேருமாக அந்தக் கொஞ்சச் சதையை விரலால் நிமிண்டி நிமிண்டிப் பார்த்தோம். தலைமுடி அளவு முள்கள் வந்துகொண்டே இருந்தன. இனி இல்லை என்று நினைக்கும்போது இன்னொன்று வரும். என் கண்ணை எனக்கே நம்ப முடியவில்லை. டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் சதையை வேகவைத்து, டீ வடிகட்டியில் வைத்துத் தேய்த்தேன். கீழே இறங்கியது சந்தனம் மாதிரி ஒரு விழுது. அதில் முள் இருக்க வழியே இல்லை என்று முருகேசன் சத்தியம் செய்தார். சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் போட்டுக் கொதிக்கவிட்டுக் குழைந்த சோற்றில் பிசைந்தேன்.

வாசனை வந்ததும் மாமா தானாக எழுந்து உட்கார்ந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு யாரும் தூக்காமல் அவர் எழுந்தது அன்றுதான். முதல் கரண்டியை ஊட்டினேன். மென்றார். விழுங்கினார். முருகேசன் வாசற்படியில் நின்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கரண்டி உள்ளே போனது.

மாமாவின் முகம் மாறியது. புருவம் சுருங்கியது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வாய்க்கு நேரே கொண்டுபோய், எதையோ கிள்ளி எடுப்பதுபோல் காட்டினார். வாயிலிருந்து “ப்பு… ப்பு…” என்று காற்று வந்தது.

“முள்ளு!” என்று நான் போட்ட சத்தத்தில் கீழே பாத்திரக்கடையில் ஏதோ உருண்டு விழுந்தது.

முருகேசன் அவர் முதுகில் தட்டினார். நான் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன்; என் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது ஒரு சிவப்பு மேகம். மாமா பலமாகத் தலையை ஆட்டினார். மறுபடியும் விரல்களைச் சேர்த்துக் காட்டினார். இந்த முறை இரண்டு விரல்களையும் தேய்த்துத் தேய்த்துக் காட்டினார். முள் ஆழமாக இறங்கிவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன். மஞ்சுநாத் மாடிப்படி ஏறி ஓடிவந்தார். “ஏனாயித்து அக்கா?”

“முள்ளு மாட்டிக்கிச்சு! ஆட்டோவ எடுங்க!”

மாமாவை இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர் கட்டில் கால், கதவு, மாடிப்படிக் கம்பி என்று கைக்கு எட்டியதையெல்லாம் பிடித்துக்கொண்டார். வலியில் துடிக்கிறார் என்று நினைத்து நான் விரல் விரலாகப் பிரித்துவிட்டேன். ஆட்டோவில் “ப்பு” என்று அவர் தொடங்கும்போதெல்லாம், “பேசாதீங்க மாமா, உள்ள குத்திடும்,” என்று அவர் வாயைப் பொத்தினேன். இத்தனை நாளாகப் பேசுங்கள் பேசுங்கள் என்று கெஞ்சியவளும் நான்தான்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள். ஏரிச் சேறு என் சுடிதாரில் காய்ந்து வெடித்திருந்தது. முடியில் செதில். காதில் நூல். டாக்டரம்மா வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “எல்லாம் என்னாலதான் டாக்டர். வடிகட்டிதான் கொடுத்தேன்.”

அவர் விளக்கு வைத்த குழாயை விட்டுப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். முருகேசன் சுவரோரம் நின்று கண்களை மூடிக்கொண்டிருந்தார். தொண்டை சுத்தமாக இருக்கிறது, கீறல்கூட இல்லை என்றார் டாக்டரம்மா. பிறகு, மாமாவின் உதடு அசைவதைக் கவனித்து, தன் காதை அவர் வாயருகே கொண்டுபோனார். நாங்கள் யாரும் செய்யாத ஒன்று அது.

கேட்டார். நிமிர்ந்தார். என் பக்கம் திரும்பி மிகவும் கவலையோடு கேட்டார்:

“‘உப்பு’ அந்தா ஹேள்தா இதாரே. அடிகேகே உப்பு ஹாகித்ரா?”

உப்பு என்று சொல்கிறாரே, சமையலுக்கு உப்புப் போட்டீர்களா? வெங்காயம் போட்டேன். மிளகு போட்டேன். மஞ்சள் போட்டேன். முள், முள் என்று வேறு நினைப்பே இல்லாமல் நின்றிருந்தேன். உப்பு ஜாடியைத் தொட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. மஞ்சுநாத் மட்டும் மெதுவாக வெளியே போய்விட்டார். மாமா தன் இரண்டு விரல்களை மறுபடி சேர்த்து, என் முகத்துக்கு நேரே, சோற்றில் தூவுவதுபோல் காட்டினார். இப்போது அது எந்தக் குழந்தைக்கும் புரிந்திருக்கும். பிறகு நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்து, என்னைப் பார்த்துச் சொன்னார்.

“உப்பு.”

கரகரவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல். ஆனால் அது காற்று இல்லை. குரல். டாக்டரம்மா அவர் தோளைப் பிடித்து, “இன்னொந்து சல ஹேளி!” என்றார். மாமா இன்னொரு முறை சொன்னார். முருகேசன் சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்தார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். கிட்டப் போய்க் குனிந்து பார்த்த பிறகுதான் அழுகிறார் என்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவரும் நானும் இரண்டையும் ஒன்றாகவே செய்துகொண்டிருந்தோம்.

வீடு திரும்பியதும் மாமா மீதிச் சோற்றை எடுத்துவரச் சொன்னார். உப்பைத் தானே போட்டுக்கொண்டார். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். சாயங்காலம் அத்தையின் போன் வந்தபோது நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனை மாமாவின் வாயருகே பிடித்தேன். “உண்டேன்,” என்றார் அவர்; அந்தப் பக்கம் அத்தை, “இன்னொருக்கா சொல்லுங்க,” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது ஹனூரில் அவர் மறுபடி ஏரிக்கரைக்குப் போகிறார். பழைய குரல் வரவில்லை. அந்தக் கரகரப்பே நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டுப் பந்தியில் யாராவது ஒரு சின்ன இருமல் இருமினால் போதும், “முள்ளா, உப்பா?” என்று நாலு பக்கமிருந்தும் கேட்பார்கள். நாத்தனார் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அத்தை எனக்கு இலை போடும்போது முதலில் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் சோறு போடுவார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமாவின் போன் வரும். சௌக்கியமா என்று கேட்பதில்லை. எடுத்தவுடனே அந்தக் கரகரக் குரல் கேட்கும்.

“அம்மிணி, உப்புப் போட்டயா?”

“போட்டேங்க மாமா,” என்பேன். அடுப்பில் அன்று ஒன்றுமே இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.